இடது வார், வலது வார்

ராயபுரம், பனைமரத்தொட்டி
8-1-1951

மாமாவுக்கு வல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் பூனையும் இருக்கிறோம். அவ்விடம் நீயும் குதிரையும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நேரில் 'நீ' என்று கூப்பிட்டுவிட்டுக் கடிதத்தில் 'நீங்கள்' போட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் நீதான். கோபம் வந்தால் ஊட்டியிலிருந்தே ஒரு முறை முறைத்துக்கொள். இங்கே வந்து சேர்வதற்குள் ஆறிவிடும்.

உன் கார்டு கிடைத்தது. கிளம்பிப் போய் ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு. அதில் மூன்று வரி. வந்து சேர்ந்தேன், வேலை கிடைத்தது, சேணத்தில் கால் வைக்கிற அங்கவடிக்கு ஒரு ஜோடி வார் வேண்டும் பெரியமேட்டில் வாங்கி அனுப்பு. அவ்வளவுதான். எதிர்வீட்டு முத்தம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, உம் புருசன் லெட்டர் போட்டானா, தந்தி அடிச்சானா?"

"குதிரைங்ககிட்டயே பேசிப் பேசி மனுசப் பேச்சு மறந்துபூட்ச்சி அதுக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

கப்பலில் வந்திறங்கும் குதிரைகளைப் பழக்கி விற்ற லாயத்தை மூடிவிட்டார்கள், பட்டணத்தில் வேலை இல்லை, அதனால் ஊட்டிக்கு வந்தேன் என்று நீ ஊருக்குச் சொல்லிக்கொள். லாயத்தை மூடியது ஆடியில். நீ போனது கார்த்திகையில். நடுவில், ஐப்பசியில், நம் பெண் ராஜாத்தி காய்ச்சலில் போய்விட்டாள். அவள் ஊஞ்சலைக் கழற்றிவிடு என்று நீ சொன்னாய். அதில் கை வைக்காதே என்று நான் சொன்னேன். அதற்கு மேல் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் துணிப்பையோடு போய்விட்டாய். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஒரு சட்டியாவது பறக்க வேண்டாமா? நம்முடையதைச் சண்டை என்று வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஊஞ்சல் அங்கேயேதான் தொங்குகிறது. உன் பழைய வார் ஜோடியை உத்திரத்தில் மாட்டி, கயிறு கோத்துப் பலகை வைத்து நீ கட்டினாயே, அன்றைக்கே அது இடப்பக்கம் சரிந்திருந்தது. குடிகாரன் கட்டிய ஊஞ்சல் என்று நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா? மீன் கூடையோடு உள்ளே வரும்போதெல்லாம் பலகை என் முட்டியில் இடிக்கிறது. பூனை அதில்தான் தூங்குகிறது.

வாரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுது. வஞ்சிரம் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். தோலுக்குச் செவுள் எங்கே இருக்கும்?

வல்லி


உதகமண்டலம்
16-1-1951

வல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு பெரிய மனிதரின் லாயம். காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்க வேண்டும். சாப்பாடு உண்டு. படுக்க இடம் உண்டு.

குதிரை மேல் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகின்றன. குளிர் என்று நினைத்தேன். மற்றவர்களும் இதே குளிரில்தான் ஓட்டுகிறார்கள். கால் அங்கவடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இரும்பு வளையம் சரியாக இருக்கிறது. அதைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் வார்தான் சரியில்லை. லாயத்து வார் அகலம். முரடு.

இரண்டு விரல் அகலம் போதும். கூடினால் கெண்டைக்காலைக் கடிக்கும், குறைந்தால் முறுக்கிக்கொள்ளும். மடித்துப் பார். வெடிப்புத் தெரியக் கூடாது. கொக்கி தடிமனாக இருந்தால் தொடையில் அழுத்தும். நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வாரின் தலைப்பில் விரல் நுனியை வைத்தால் அங்கவடி அக்குளில் வந்து முட்ட வேண்டும். என் கை உனக்குத் தெரியும்.

இரண்டும் ஒரே தோலில் அறுத்ததா என்று கேள். குதிரையில் ஏறுவது எப்போதும் இடப்பக்கம். உடம்பின் பாரம் முழுவதும் இடது வாரில் விழும். அதனால் இடது சீக்கிரம் நீளும். வாரத்துக்கு ஒரு முறை இடம் வலம் மாற்றிப் போட்டால் சமமாக இருக்கும். பட்டணத்தில் நான் மாற்றியதில்லை. சோம்பல். ஊஞ்சல் சரிந்தது அதனால்தான். நான் குடிக்கவில்லை.

பங்குனியில் எசமான் வருவார். ஒவ்வொருவரையும் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். அங்கவடியில் கால் நிற்காதவனைக் கீழே அனுப்பிவிடுவார். கீழே என்றால் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊஞ்சலைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

திருமலை


ராயபுரம்
28-1-1951

மாமாவுக்கு,

ஊஞ்சலைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. பூனையைப் பற்றி எழுதலாமா? பூனை தூங்குகிறது. எங்கே என்று கேட்காதே.

மீன் விற்று முடித்துவிட்டு, முத்தம்மாவையும் இழுத்துக்கொண்டு டிராம் ஏறிப் பெரியமேட்டுக்குப் போனேன். சேணம் தைக்கிற மஸ்தான் பாய் கடை. வாசலில் என்னைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு.

"இன்னாம்மா, மீனு விக்க இங்க வந்துட்ட? தோலு நாத்தம் பத்தாதா எங்களுக்கு?"

"குதிர வாரு வாங்க வந்துகீறேன் பாய்."

"உனக்கா?"

"ஏன், நான் ஏறுனா குதிர அழுவுமா? டோல்கேட் வரிக்கும் கூடைய தூக்கினு நடக்குறேன். ஒரு குதிர இருந்தா எனக்கும் சொகமாத்தான் இருக்கும்."

பாய் ஒரு குவியலை எடுத்துப் போட்டார். நீ சொன்னபடி மடித்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். பழக்கம் விடாதே. ஒரு ஜோடி எருமைத்தோல், வெந்த கணவாய் மாதிரி வளைந்தது. நீளத்துக்கு உன் கை வேண்டுமே, அதற்கு எங்கே போவது? ஒரு வாரை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, தோளைச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்தேன். உன் விரல் எங்கே வந்து முடியும் என்று என் தோளுக்குத் தெரியாதா? பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடையில வச்சி இன்னா கூத்துடி இது!" என்று முத்தம்மா என் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளியது தெரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன், சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து வாரைச் சும்மா விடவில்லை. நம் கரையில் கட்டுமரமானாலும் கயிறானாலும் சுறா எண்ணெய் காட்டினால்தானே உப்புக்கும் தண்ணீருக்கும் நிற்கும்? அது மிருதுவாகவும் ஆகும். ஊட்டியில் பனி என்கிறாய். இரண்டையும் எண்ணெய்ச் சட்டியில் நன்றாக ஊறப்போட்டுத் துடைத்து அனுப்பியிருக்கிறேன். உன் காலுக்குப் பட்டு மாதிரி இருக்கும்.

நேற்று ஒரு கெளுத்தி முள் என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மீன் வாங்க வந்த அம்மாதான் ரத்தம் என்று அலறினாள். கெளுத்தி குத்தினால் ஆம்பிளைகளே ஊரைக் கூட்டுவார்கள். நான் பாட்டுக்கு எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன் காலுக்கு என் கை சொந்தம் போலிருக்கிறது.

வல்லி


உதகமண்டலம்
10-2-1951

வல்லிக்கு,

பார்சல் வந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பிரித்தபோது லாயத்து நாய்கள் எல்லாம் வந்துவிட்டன.

நான் ஓட்டும் குதிரைக்குச் சிலோன் என்று பெயர். செம்பட்டை நிறம். நல்ல குணம். அது இதுவரை சுறாவை அறிந்ததில்லை. சேணத்தை முதுகில் வைக்கவே விடவில்லை. மூன்றாம் நாள்தான் இணங்கியது. இங்கே எல்லாரும் இப்போது என்னைக் கருவாடு என்று கூப்பிடுகிறார்கள்.

எண்ணெயில் ஊறிய தோல் நீளும். முதல் நாள் சரியாக இருந்தது. வாரக் கடைசியில் இடது வார் இரண்டு துளை தூரம் இறங்கிவிட்டது. ஒரு திருப்பத்தில் இடது கால் அங்கவடியிலிருந்து நழுவியிருக்கிறது. நழுவியது எனக்குத் தெரியவில்லை. தரையில் கிடந்தபோதுதான் தெரிந்தது. தோளில் அடி. எலும்புக்கு ஒன்றுமில்லை.

வைத்தியர் காலை ஊசியால் குத்திப் பார்த்தார். காலில் குறை இல்லை என்றார். அதனால் குறை வாரில்தான்.

இன்னொரு ஜோடி வேண்டும். முரட்டுத் தோலாக இருந்தாலும் சரி. எண்ணெய் வேண்டாம்.

கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாயா?

திருமலை


ராயபுரம்
19-2-1951

கருவாட்டு மாமாவுக்கு,

மூன்று நாள் சிரித்தேன். நீ விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தபால்காரர் தள்ளி நின்ற இடத்தில் அவளுக்குப் புரையேறிவிட்டது. இத்தனை வருஷமாக மீன்காரியோடு குடித்தனம் நடத்தினாய், ஒரு நாளும் உன் மேல் வாசனை இல்லை. மலையேறிய பிறகு வந்ததே, அதுதான் என் பாசம். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மறுபடி பெரியமேட்டுக்குப் போனேன். பாய் என் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொறா எண்ணெயிலயா போட்ட? குதிரக்கி வாரு குடுத்தா, கொழம்பு வச்சி அனுப்பிகீற!"

"இப்ப எதுனா நீளாத வாரு குடு பாய்."

"புது வாருன்னா நீளும்மா. இன்னா தோலானாலும் நீளும். இல்லாங்காட்டி காலைக் கடிக்கும். நீண்டு முடிச்ச பழசு கெடச்சாத்தான் காலுக்கு சொகம். உன் வூட்டுக்காரன் இங்க ஹார்பர் லாயத்துல ஓட்னானே, அந்த ஜோடி இன்னாச்சி?"

"வூட்லதான் கீது."

"அப்பறம் இன்னாத்துக்கு இப்டி பேஜாரா அலையுற? அத்த அனுப்பு."

முத்தம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாளே என்று நான் கடையில் மாட்டியிருந்த கடிவாளங்களைப் பார்த்தேன். அப்புறம் புதிதாகவே ஒரு முரட்டு ஜோடி கொடுங்கள் என்றேன். பாய் கட்டிக் கொடுத்தார்.

அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் வைக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைக்கு மஞ்சள் வைத்தேன். வீங்கியிருக்கிறது, வலி இல்லை. வீங்கின கை பெரிதாகத் தெரிகிறதா, எல்லாரும் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.

வல்லி


உதகமண்டலம்
3-3-1951

வல்லிக்கு,

முரட்டு வார் வந்தது. வாசனை இல்லை. நீளவும் இல்லை. சாயங்காலம் காலுறையைக் கழற்றியபோது உறையோடு தோலும் வந்தது. இரண்டு கெண்டைக்காலிலும் ரத்தம் காய்ந்திருந்தது. ஓட்டும்போதும் தெரியவில்லை, உரிக்கும்போதும் தெரியவில்லை. துணி சுற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். இரண்டு முறை கால் நழுவிவிட்டது. லாயத்துக்குப் பொறுப்பானவர் பார்த்தார்.

பாய் சொன்னது எனக்குப் புதிதல்ல. அந்தக் கார்டை எழுதும்போதே தெரியும். தெரிந்துதான் புது ஜோடி கேட்டேன். அந்தப் பழையதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஏன் கழற்றச் சொன்னேன் என்று நீ அன்றைக்குக் கேட்கவில்லை. நீ கூடையோடு போய்விடுவாய். நான் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பேன். கடல் காற்றுக்கு அது தானாக ஆடும். எழுந்து போய்ப் பிடித்து நிறுத்துவேன். வந்து உட்காருவேன். மறுபடி ஆடும். அவ்வளவுதான்.

எசமான் பங்குனி பத்துக்கு மேல் வருகிறார். இருந்தாலும் சரி, அனுப்பினாலும் சரி. இனி வார் அனுப்ப வேண்டாம்.

திருமலை


ராயபுரம்
12-3-1951

மாமாவுக்கு,

இனி வார் அனுப்ப வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டேன், இதைக் கேட்க?

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். தபால்காரரிடம் சொல், இது கடிக்காது.

நேற்று கரையில் மீன் இல்லை. வீட்டுக்கு வந்து, முத்தம்மா வீட்டு முக்காலியை வாங்கிவந்து போட்டு ஏறினேன். உத்திரத்துக் கொக்கி இரண்டும் உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தன. சுறா எண்ணெயை அதற்குத்தான் போட்டேன், கொக்கிக்கு மட்டும். தோலில் ஒரு சொட்டுப் படாமல் துணி சுற்றிக்கொண்டேன். அவ்வளவு புத்தி வந்துவிட்டது எனக்கு. கீழே கயிற்றில் நீ போட்ட முடிச்சு நகத்துக்கும் பல்லுக்கும் அசையவில்லை. அரிவாள்மனையை எடுத்து அறுத்தேன். கயிறு கட்டுமரத்துக்குப் போயிற்று. பலகையைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்தேன், உயரம் சரியாக இருக்கிறது.

முத்தம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுடுடி" என்றாள். பாதிதான் காதில் விழுந்தது. "அழணும்னா அழுதுடுடி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மறுபடி சொன்னாள்.

"முக்காலி மேல நின்னுகினு அழுதா வுழுந்துடுவேன். எறங்குனதும் பாக்கலாம்" என்றேன். இறங்கினேன். ஒன்றும் வரவில்லை. சோறு வடித்தேன்.

கழற்று என்றது நீ, கழற்றாதே என்றது நான். கடைசியில் கழற்றியதும் நான். எப்போதும் போல வேலை எல்லாம் என் தலையில். பூனைதான் கோபித்துக்கொண்டு முத்தம்மா வீட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கு வீட்டுக்குள் வரும்போது முட்டியில் ஒன்றும் இடிக்கவில்லை. வாசலிலேயே கொஞ்சம் நின்றேன், வேறு வீடோ என்று.

இதில் ஏறு. நீ ஏறாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாயோ, நானே மலையேறி வந்து சிலோனுக்குக் கருவாடு ஊட்டுவேன்.

வல்லி


உதகமண்டலம்
27-3-1951

வல்லிக்கு,

பார்சல் வந்தது. ஒரு நாள் பிரிக்கவில்லை. எசமான் மறுநாள் வருகிறார் என்றதும் பிரித்தேன்.

வேலிக்கு வெளியே எசமான் நின்றார். சிலோனை நடத்தினேன். ஓட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பினேன். ஒரு முறையும் குனிந்து பார்க்கவில்லை. கால் இருந்த இடம் தெரிந்தது. இறங்கித் தரையில் கால் வைத்ததும் இரண்டு கெண்டைக்காலும் எரிந்தன. மாதக் கணக்கில் பட்ட புண் எல்லாம் சேர்ந்து வலித்தது. நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். "நன்றாகத்தானே ஓட்டினாய், என்ன வந்தது?" என்று எசமான் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வேலையில் இருக்கச் சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். இடது வாரின் நுனியில் நான் அந்நாளில் சுட்ட ஒரு புள்ளி உண்டு. அதனால் எது இடது என்று எனக்குத் தெரியும். ஊஞ்சல் கட்டிய அன்று இடது, வலதைவிட ஒரு துளை நீளம். நீயே பார்த்துச் சிரித்தாய். இப்போது இரண்டையும் ஓர் ஆணியில் சேர்த்துத் தொங்கவிட்டேன். சமமாக இருக்கின்றன. மயிரிழை வித்தியாசம் இல்லை. இடது சுருங்கவில்லை, துளைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வலதுதான் நீண்டிருக்கிறது. எப்படி நீண்டது என்று தெரியவில்லை. பூனைக்கு அவ்வளவு எடை இல்லை.

இரண்டும் இப்படிச் சமமாக வருவது அரிது. இனிமேல் சோம்பல்படாமல் வாரம் ஒரு முறை இடம் வலம் மாற்றிப் போடுவேன்.

திருமலை


ராயபுரம்
3-4-1951

மாமாவுக்கு,

வேலையில் இருக்கச் சொன்னார்கள் என்று எழுதியதை முத்தம்மாவுக்குப் படித்தேன். பாய்க்கும் ஆள் அனுப்பிச் சொன்னேன். மீதியை யாருக்கும் படிக்கவில்லை.

நீ வலது வாரைப் பற்றிக் கேட்டாய்.

சாமி படத்தைப் பார்த்து ஊஞ்சலில் உட்கார்ந்தால் இடப்பக்கம் அடுப்பு, வலப்பக்கம் வாசல். லாயத்திலிருந்து நீ வருகிற நேரம் ராஜாத்திக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு ஆடமாட்டாள். இரண்டு கையாலும் வலது வாரைக் கட்டிக்கொண்டு, இருக்கிற உடம்பை எல்லாம் அதில் சாய்த்து, வாசலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு தொங்குவாள். தினமும்தான்.

"ஏ பொண்ணே, நேரா குந்து. வுழுந்து மூக்க ஒடச்சிக்கப் போற" என்று அடுப்பிலிருந்து கத்துவேன்.

"இரும்மா, நைனா வந்துகினு கீது" என்பாள்.

தெருமுனையில் உன் தலை தெரிந்ததும் சட்டென்று நடுவில் உட்கார்ந்துகொள்வாள். சாமி படத்தைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிடுவாள். நீ வந்தது தெரியாத மாதிரி. நீ உள்ளே நுழைந்து, "நைனாவப் பாக்கக்கூட இல்லயா நீ" என்று கேட்பாய். யார் நீ என்பது போலத் திரும்புவாள். என் பெண் இல்லையா, உன்னை ஏய்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நானும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் அவள் சாய்ந்து தொங்கியதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்றைக்குக் கூடையைத் தூக்கும்போது உள்ளங்கை சுரீர் என்றது. கெளுத்தி குத்தின இடம். கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

"எப்பவோ குத்துனது, இப்பத்தான் வலிக்குதா உனுக்கு?" என்றாள் முத்தம்மா.

"ஊட்டிலேர்ந்து எறங்கி வரணுமில்ல" என்றேன். அப்புறம் அங்கேயே, வீதியில், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முந்தானையால் என் முகத்தை மூடிவிட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் விரட்டினாள்.

வாரம் ஒரு முறை இடம் வலம் மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். இந்த ஜோடியை மாற்றாதே, மாமா. இடது நீண்டால் நீளட்டும். வலது வலப்பக்கமே தொங்கட்டும்.

வல்லி